வன்னியிலிருந்து போகும் இருவருக்கு அம்ஸ்ரர்டாமில் ஒரு பகல்

பிள்ளைகளைப் பார்க்கவென்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து ஐரோப்பா போகிற அம்மா அப்பாமாரை அங்கே ஒரு நாளாவது வெளியே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஜேர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் என்று எங்கே தங்கியிருந்தாலும் அந்த ஒரு நாளுக்கு அம்ஸ்ரர்டாம் பெயர் அடிபடும். போகிறவர்களில் அதிகம் பேர் சரிந்த வீடுகளையும் பூக்கடைகளையும் படம் எடுத்துக்கொண்டு, கால் உளைவோடு திரும்புகிறார்கள். குளத்துக்குக் கீழே வயல் செய்து, துரிசு திறக்கிற நாளுக்காகக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாதாடிப் பழகியவர்களுக்கு அந்த நகரத்தில் பார்க்க வேறொன்று இருக்கிறது: அவ்வளவு தண்ணீரையும் யார், எந்தக் கதவால், எந்த மட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது. அதை மனதில் வைத்து ஒரு பகலை எப்படிப் போடலாம் என்பதே இது.

முதலில் அடிப்படை. இரணைமடுக் குளம் மாரியில் 36 அடி வரை ஏறி வான்கதவு திறக்கும். சிறுபோகம் முடியும்போது அடி தெரியும். எங்களுக்குக் குளம் என்றால் ஏறி இறங்குவது. அம்ஸ்ரர்டாம் வாய்க்காலில் அது நடக்கக்கூடாது. நகர மட்டம் என்று அவர்கள் வைத்திருக்கும் பூச்சியத்திலிருந்து ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் கீழே, மாரியென்றாலும் கோடையென்றாலும் தண்ணீர் அதே இடத்தில் நிற்கும். காரணம் வீடுகள். பழைய நகரம் முழுவதும் சதுப்பில் இறக்கிய மரக்குற்றிகள் மேல் நிற்கிறது. சேற்றையும் கரி மண்ணையும் தாண்டி, ஏறக்குறைய 12 மீற்றர் ஆழத்தில் வருகிற மணல் படைவரை அடித்து இறக்கிய குற்றிகள். தண்ணீருக்குள் மூழ்கிக் காற்றுப் படாமல் இருக்கும்வரை அந்த மரம் நூற்றாண்டுகள் தாங்கும். மட்டம் இறங்கி மேல் நுனி வெளியே வந்தால் உக்கத் தொடங்கும், வீடு ஒரு பக்கம் தாழும். மட்டம் ஏறினால் நிலக்கீழ் அறைகளுக்குள் வெள்ளம். டாம் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனைக்கு, 1655இல் நகரசபைக் கட்டடமாகத் திறக்கப்பட்டது அது, 13,659 குற்றிகள். அங்கத்தைய பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வருடத்து நாட்கள் 365, முன்னால் 1, பின்னால் 9.

இனிப் பயணம். வீட்டிலிருந்து வெளிக்கிடும் முன்னரே சரிபார்க்க வேண்டியது விசா. ஷெங்கன் விசாவை நீங்கள் அதிக நாள் தங்கப்போகும் நாட்டுக்குத்தான் கேட்க வேண்டும். மகள் ஜேர்மனியில் இருந்தால் ஜேர்மன் விசா. அதோடு ஒரு நாள் நெதர்லாந்து போய்வரத் தனி அனுமதி தேவையில்லை. பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். லண்டனில் பிள்ளை இருப்பவர்கள்தான் அடிக்கடி பிழை விடுவது: பிரித்தானிய விசாவோடு அம்ஸ்ரர்டாம் ரயிலில் ஏற முடியாது. அதேபோல் ஒருமுறை நுழைவு மட்டும் தந்த ஷெங்கன் விசாவோடு இடையில் லண்டன் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. விசா ஒட்டிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்தால் போதும் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள்; போதாது. நெதர்லாந்தில் 14 வயதுக்கு மேற்பட்ட எவரும் கேட்டால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு இடுப்புப் பையில் இருக்கட்டும்.

நாசிகளுக்குப் பயந்து யூதச் சிறுமி ஆன் பிராங்கின் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைப் பார்க்க விரும்பினால், அதற்கான ரிக்கெற்றை வன்னியிலிருந்தே எடுக்க வேண்டிவரலாம். வாசலில் விற்பதில்லை, இணையத்தில் மட்டும். ஒவ்வொரு செவ்வாயும் அங்கத்தைய காலை 10 மணிக்கு, ஆறு கிழமைக்குப் பிறகு வருகிற நாட்களுக்கானவை திறக்கும். எங்கள் நேரப்படி கோடையில் பிற்பகல் 1.30, ஒக்ரோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை 2.30. திறந்து கொஞ்ச நேரத்திலேயே நல்ல நேரங்கள் முடிந்துவிடும் என்பதால் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, 'எடுத்தாச்சா' என்று வற்சப்பில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஏணி போன்ற படிகள், படம் எடுக்க முடியாது, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முழங்கால் நோவுள்ளவர் ஏறலாம், இறங்கும்போதுதான் சிரமம்.

இந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் இரண்டு வருடத்துக்கும் மேலாக, 1942 யூலையிலிருந்து 1944 ஓகஸ்ட் வரை, பகலில் காலடிச் சத்தம் கேட்காமல், யன்னலை மறைத்து இருந்த அறைகள் அவை. தளபாடம் ஒன்றும் இல்லாமல் வெறுமையாகவே வைத்திருக்கிறார்கள். பங்கருக்குள் இருந்து வந்தவர்களுக்கு அந்த வெறும் அறை மற்றச் சுற்றுலாக்காரருக்குப் போல இருக்காது. அதற்குப் பிறகு உடனே படகு, உடனே கடை என்று நாளை நெருக்கி வைக்க வேண்டாம். அடுத்த ஒரு மணித்தியாலத்தை வெறுமையாக விடுங்கள். இருவரில் ஒருவருக்கு மனமில்லையென்றால் மற்றவர் மட்டும் உள்ளே போவதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்திலேயே மேற்குத் தேவாலயம் இருக்கிறது, முன்னால் உட்கார இடமும் உண்டு.

பாரிசிலிருந்து வேக ரயிலில் ஏறக்குறைய 3 மணி 20 நிமிடம், கொலோனிலிருந்து 2 மணி 40 நிமிடம். முற்பகலிலேயே நிலையத்தில் இறங்குகிற மாதிரி வெளிக்கிட்டால்தான் பகல் மிஞ்சும். யூனில் இரவு 10 மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டு. ஏப்ரல் 27 அவர்களுடைய அரசர் நாள், நகரம் முழுவதும் செம்மஞ்சள் உடுப்பும் சனமும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போகவே கூடாது.

சப்பாத்து முக்கியம். தெருவெல்லாம் செங்கல், பாலமெல்லாம் ஏற்ற இறக்கம். செருப்போடு ஐந்து கிலோமீற்றர் நடந்தால் பின்னேரம் கால் தூக்க ஏலாது. சேலை கட்டலாம், உள்ளே குளிர்க் காற்சட்டை போட்டு, கரையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திக் கட்டினால் ஈரத்தில் இழுபடாது. குடையைப் பிள்ளையின் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாய்க்கால் சந்தியில் காற்று அதை மறுபக்கம் மடக்கிவிடும். தொப்பி வைத்த மழை அங்கிதான் அங்கே உதவும்.

காசு விடயம். ட்ராமில், பஸ்ஸில் தாள் காசு வாங்கமாட்டார்கள், பல கடைகளிலும் அப்படியே. வங்கி அட்டையை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை இயந்திரத்தில் தொட வேண்டும். இங்கே மூன்று சிக்கல் வரும். ஒன்று, ஓர் அட்டையை இருவருக்குத் தொட முடியாது; ஆளுக்கொன்று வேண்டும். இரண்டு, ஏறும்போது அட்டையையும் இறங்கும்போது போனையும் தொட்டால், கணக்கு ஒன்றாக இருந்தாலும் இயந்திரத்துக்கு இருவர். மூன்று, இறங்கும்போது தொட மறந்தால் பயணத்துக்குரியதைவிடக் கூடுதலாகக் கழியும். இலங்கை வங்கி அட்டையென்றால் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வெளிக்கிட முன்னரே உங்கள் கிளையில் சொல்லிவைக்க வேண்டும். இந்தக் கரைச்சல் வேண்டாம் என்றால் ஒரு நாள் ரிக்கெற் இரண்டு எடுத்துவிடுங்கள். அதையும் ஏறி இறங்கத் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

நடை வழி இப்படி. நிலையத்தின் முன்பக்கத்தால் வெளியேறி வலப்பக்கமாக, மேற்கே ஹார்லெமர் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பிரின்சன்கிராக்ற் வாய்க்காலின் வடக்கு முனையில் ஒரு பழைய தண்ணீர்க் கதவு வரும். ஏன்ஹோர்ன் கதவு என்பார்கள். பார்வைக்குச் சாதாரணப் பாலம். சுற்றுலாக்காரர் யாரும் நிற்கமாட்டார்கள். ஆனால் இந்த நகரத்தின் 'அடிக்கம்பு' இங்கேதான். யோகான்னஸ் ஹுட்டே என்ற கணித அறிஞர் நகர மேயராக இருந்த காலத்தில், 1680களில், கடலைப் பார்த்த எட்டுக் கதவுகளில் வெள்ளைக் கல் பதிப்பித்தார். கடலணையின் உச்சி நகர மட்டத்திலிருந்து 9 அடி 5 அங்குலம் மேலே என்பது அதன் செய்தி. அவர்களது அடி சிறியது, கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2.68 மீற்றர். எட்டில் இந்தக் கதவிலிருப்பது இன்றும் அதன் இடத்தில் உண்டு. இரணைமடுவில் அடிக்கம்பைப் பார்த்து 'இன்றைக்கு எத்தனை அடி' என்று கேட்டு வளர்ந்தவருக்கு இதைவிட வேறு என்ன வரவேற்பு வேண்டும்.

அங்கிருந்து தெற்கே பிரின்சன்கிராக்ற் கரையோடு வாருங்கள். வழி தவறாமல் இருக்க ஒரு கணக்கு: நகர நடுவிலிருந்து வெளிப்பக்கமாக சிங்கல், ஹெரன்கிராக்ற், கைசர்கிராக்ற், பிரின்சன்கிராக்ற் என்ற ஒழுங்கில் நான்கு வாய்க்கால்கள் அரைவட்டமாகப் போகின்றன. சிங்கல் பழைய நகரத்தின் அகழி. மற்ற மூன்றும் 1613இலிருந்து வெட்டியவை. வீட்டு இலக்கம் வடக்கு முனையில் ஒன்றில் தொடங்கி அம்ஸ்ரெல் ஆற்றுப் பக்கம் கூடிக்கொண்டு போகும். ஒற்றை இலக்கம் நகர நடுப் பக்கத்துக் கரை, இரட்டை வெளிக்கரை. போன் இறந்துபோனாலும் இலக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தால் போகும் திசை தெரியும். ஆன் பிராங்க் வீடு பிரின்சன்கிராக்ற் 263.

நடக்கும்போது வீட்டுப் பக்கமாகவே நடவுங்கள். வாய்க்கால் கரையில் பெரும்பாலும் கைப்பிடி வேலி கிடையாது, ஆழம் இரண்டரை மூன்று மீற்றர். பேரப்பிள்ளை கூட வந்தால் கையை விடக்கூடாது. அதைவிட ஆபத்து சைக்கிள். எங்கள் ஊரில் வீதிக் கரையில் நடப்பது பாதுகாப்பு. அங்கே அந்தக் கரைதான் சைக்கிள் பாதை, செம்மண் நிறத்தில் இருக்கும். படம் எடுக்கவென்று ஓர் அடி பின்னால் வைத்தால் மணிச் சத்தமும் பேச்சும் ஒன்றாக வரும். வாகனம் வலப்பக்கத்தால் ஓடுவதால் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். ட்ராம் சத்தமில்லாமல் வரும். சைக்கிள்காரர் உங்களைச் சுற்றிப் போவார், நீங்கள் திடீரென்று நிற்காமலும் பாயாமலும் இருந்தால். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் பாய்வதுதான் இடிபடுகிற வழி.

வீட்டு உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் கொளுக்கியையும் கவனியுங்கள். படிகள் ஒடுக்கம், ஆகவே சாமானெல்லாம் கயிற்றில் கட்டி யன்னலால் ஏற்றினார்கள்; இன்றும் ஏற்றுகிறார்கள். ஏற்றும் பொருள் முகப்பில் இடிக்காமலிருக்கச் சுவரை முன்பக்கம் சரித்தே கட்டினார்கள். பக்கவாட்டில் சரிந்து நிற்பவைதான் குற்றி தாழ்ந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் நடை சலிக்காது. இரவு தங்குகிறவர்கள் விடுதி எடுக்கும்போது 'லிப்ற் இருக்கிறதா' என்று கேட்காமல் காசு கட்ட வேண்டாம், காரணம் அதே படிகள்.

மதியச் சாப்பாட்டுக்கு சுரினாம் கடை தேடுங்கள். 1975வரை டச்சுக்காரரிடம் இருந்த நாடு அது. 1873இலிருந்து வட இந்தியாவிலிருந்து கூலிக்குக் கொண்டுபோனவர்களின் சமையல் அம்ஸ்ரர்டாமுக்கும் வந்திருக்கிறது. பருப்பு மா வைத்த மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, கோழி, அவித்த முட்டை, கூடவே பயிற்றங்காய். அதே நீளப் பயிற்றங்காய்தான். உறைப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் வைக்கிற மஞ்சள் மிளகாய்ச் சம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழையுங்கள், எங்கள் வாய்க்கும் அது கடுமை. மரக்கறி ரொட்டியும் கிடைக்கும். ஆல்பர்ட் கௌப் சந்தைப் பக்கம் இப்படியான கடைகள் உண்டு. வைசல்கிராக்ற் நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஒரு தரிப்பு. ஞாயிறு சந்தை இல்லை. புட்டுப் பொதி கட்டிக்கொண்டு வந்திருந்தால் அதுவும் நல்லது, வாய்க்கால் கரை வாங்கில் இருந்து சாப்பிட ஒருவரும் ஒன்றும் சொல்லார். தேத்தண்ணி குடிக்க 'கொஃபி ஷொப்' என்று பலகை போட்ட இடத்துக்குள் மட்டும் போகாதீர்கள், அங்கே விற்பது கஞ்சா. கழிப்பறைக்கு அநேக இடங்களில் காசு. சாப்பிட்ட கடையிலேயே போய்வந்துவிடுங்கள்.

படகு சாப்பாட்டுக்குப் பிறகு. நடந்த கால் ஆறும். ஒரு மணித்தியாலப் படகு போதும். கூரையில்லாத சிறு படகு கோடைக்கு நல்லது, ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் கண்ணாடி மூடியதே சரி. பாலத்தடியில் தலை தட்டும், எழும்பக்கூடாது. சிறு படகில் கழிப்பறை இராது. சில வாய்க்கால்களில் கரைச்சுவர் திருத்த வேலை நடப்பதால் வழி மாறலாம். நகரத்தில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் கரைச்சுவர், பழைய மரக்குற்றிகள் மேல். குதிரை வண்டிக்குக் கட்டியதில் இன்றைக்கு லொறி ஓடுகிறது. 2020 செப்ரெம்பரில் கிரிம்பர்க்வால் வாய்க்காலில் ஒரு துண்டு அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. பார வாகனத்துக்குத் தடை போட்டிருப்பதும், இரும்புத் தகடு அடித்து முண்டு கொடுத்திருப்பதும் படகிலிருந்து நன்றாகத் தெரியும்.

பின்னேரம் அம்ஸ்ரெல் ஆற்றங்கரைக்கு வாருங்கள். மெல்லிய பாலம் என்கிற வெள்ளை மரப் பாலத்துக்குத்தான் எல்லோரும் வருவார்கள். அதிலிருந்து சற்றுத் தெற்கே, கரே அரங்குக்கு முன்னால், ஆற்றை முழுதாக மறித்து ஒரு கதவுத் தொகுதி இருக்கிறது. 1670களில் கட்டியது, மரக் கதவுகள், கையால் சுழற்றும் பொறி. எங்கள் துரிசு தண்ணீரை வயலுக்கு விடத் திறக்கும். இந்தக் கதவுகள் நகரத்தைக் கழுவ மூடும். வாய்க்காலுக்குள்தான் முன்னர் கழிவெல்லாம் போனது, ஆகவே கதவுகளை இரவில் மூடி, கிழக்கே ஸேபுர்க் பம்பு நிலையத்தால் புதுத் தண்ணீர் விட்டு, பழைய தண்ணீரை மேற்குப் பக்கமாகத் தள்ளிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1872வரை கடல் அலை நகர வாசல்வரை வந்தது. அந்த வருடம் நகரத்துக்குக் கிழக்கே கடலை மறித்து ஒறேஞ் கதவுகள் வந்தன, 1932இல் 32 கிலோமீற்றர் நீளக் கடலணை. உப்புக் கடல் நன்னீர் ஏரியானது. ஆனையிறவு ஏரியை நன்னீராக்குகிற கதை கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள், நிற்கட்டும்.

ஆற்றங்கரையால் வடக்கே பத்து நிமிடத்தில் நகரசபைக் கட்டடம். அதன் நடைபாதைக்குள் மூன்று கண்ணாடித் தூண்களில் தண்ணீர் நிற்கிறது. இரண்டில் இப்போதைய கடல் மட்டம். மூன்றாவது உங்கள் தலைக்கு மிக மேலே, 4.55 மீற்றரில், 1953 பெருவெள்ளம் வந்த உயரம். பூச்சிய மட்டத்துக்கான வெண்கலக் குமிழும் அங்கே. காசில்லை. வேலை நாளில் பகலில் போவதே உறுதி.

கால் இன்னும் ஒத்துழைத்தால் ஏழெட்டு நிமிடம் நடந்து அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய தலைமைக் கட்டடத்து முற்றத்தைப் பாருங்கள். இப்போது பல்கலைக்கழகம். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, வன்னிமைகளிடம் யானையைத் திறையாக வாங்கிய கம்பனி அது. அதைச் சொல்லும் பலகை எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். கண்டியில் எடுத்த பீரங்கியை அரும்பொருட் காட்சியகத்தில் தேடுபவர்களும் ஏமாறுவார்கள், 2023இல் அதை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பார்ப்பதென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இந்தத் தெருவிலிருந்து நிலையத்துக்கு நேரே வடக்கே நடந்தால் சிவப்பு விளக்குப் பகுதி ஊடாகப் போகும். பிள்ளைகளோடு வந்திருந்தால் நியூமார்க்ற் நிலையத்துக்குப் போய் மெட்ரோவில் ஒரு தரிப்பு ஏறிவிடுங்கள்.

நிலையத்துக்கு ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் வந்தால் பின்பக்கத்தால் வெளியேறி இலவசப் படகில் அக்கரை போய் அடுத்த படகிலேயே திரும்பலாம், இருபது நிமிடம் போதும். திரும்பி வந்ததும் மேடை இலக்கத்தோடு 'ஏ', 'பி' எழுத்தையும் பாருங்கள். ஒரே மேடையில் முன் பாதியில் ஒரு ரயிலும் பின் பாதியில் வேறொரு ரயிலும் நிற்கும். இலக்கத்தை மட்டும் பார்த்து ஏறினால் கொலோனுக்குப் பதிலாக ரொட்டர்டாமில் இறங்க வேண்டிவரும்.